களத்தைத் திருப்பிக் கொடுத்த பொறியாளர்

அரிக்கும் உப்புக்காற்றுக்கும் அடிக்கும் புயலுக்கும் அஞ்சாத அம்மையே, கம்பத்தின்கீழ் நின்று கட்டளை மட்டும் இடாமல் கொட்டும் மழையிலும் எங்களோடு குடையின்றி நின்றவரே, முப்பத்திரண்டு ஆண்டுகள் பழவேற்காட்டுக் கரைக்கு ஒளி தந்து இன்று பணி நிறைவு பெறும் மின்வாரிய உதவிப் பொறியாளர் ஜமுனா அவர்களே, தங்கள் கதையைத் தங்கள் முன்பே சொல்ல அனுமதி தாருங்கள்.

புயலடித்தால் நான்கு நாள் இருளில் கிடக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு, ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு சூரிய மின்நிலையம் கேட்டு, படியேறிப் படியேறி வாங்கி வந்தவர் ஜமுனா அம்மையார். ஊர்க் கூட்டம் காட்டிய வெட்டவெளி மணலில் சூரிய ஒளிப் பலகைகள் நின்றன. மூன்றாம் வாரமே மின்சாரம் பாதியாகிவிட்டது. "இதுக்கு லைன் கரண்டே தேவலாம்" என்று ஊர் முணுமுணுத்தது. போய்ப் பார்த்தால், பலகை முழுக்க நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

வயர்மேன் மூர்த்தி சத்தம் போட்டார். கருவாடு போடும் வசந்தா அசரவில்லை.

"இன்னாத்துக்குக் கூவுற? உங்க பலகைய எங்க களத்துல போட்டீங்க, எங்க மீன உங்க பலகைல போட்டோம். சூடும் நல்லாத்தான் கீது. மேடம், நீங்களும் ரெண்டு படி எடுத்துக்கினு போங்க."

மூர்த்தி சிரித்துவிட்டார். அம்மையாருக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டத்தில் சம்மதம் சொன்னவர்கள் எல்லாரும் கடலுக்குப் போகும் ஆண்கள். அந்த மணலில் மீன் உலர்த்திப் பிழைக்கும் பெண்களில் ஒருவரைக்கூடத் தாம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இடத்தேர்வில் பிழை தம்முடையது என்று மேலிடத்துக்கு எழுதினார். விசாரணை வந்தால் நல்லபடியாக ஓய்வுபெற முடியாது என்று தெரிந்தே எழுதினார். மேலதிகாரியே தொலைபேசியில் அழைத்தார்.

"ரிட்டயராக எட்டு மாசந்தான் இருக்கு. எதுக்கும்மா வம்பு? அந்தப் பொம்பளைங்க மேல எழுதிட்டுப் போங்க."

"தப்பு என் பேர்ல இருக்கட்டும் சார். களம் அவங்களுக்கு இருக்கட்டும்."

இரண்டாம் கூட்டத்தில் பெண்களே முன்வரிசை. வலைக்கூடத்தின் கூரையையும் புயல் காப்பகத்தின் மாடியையும் காட்டியவர்கள் அவர்கள்தாம். பலகைகள் அங்கே ஏறின. ஐப்பசிப் புயலில் ஊர் முழுக்க விளக்கெரிந்தது. விசாரணைக் கோப்பு மட்டும் மூடப்படவில்லை. இவ்விழா நடக்குமா என்று நாங்கள் கலங்கியிருந்தோம்.

முந்தாநாள் கோப்பு முடிந்தது. 'நடவடிக்கை தேவையில்லை' என்பதன்கீழ் அதே அதிகாரி தம் கைப்பட எழுதியிருக்கிறார்: 'இனி எந்தக் குப்பத்திலும் இடம் குறிக்குமுன், அங்கே மீன் உலர்த்தும் பெண்களைக் கேட்டுக் கையொப்பம் பெறவும்.'

அம்மா, அந்த வரி எல்லாப் பிரிவு அலுவலகங்களுக்கும் போயிருக்கிறது. நோயற்ற உடலும் நிறைந்த நெஞ்சுமாய் நீங்கள் நெடுநாள் இளைப்பாறுங்கள். அந்த வரியின்படி நாங்கள் வேலை செய்கிறோம்.

என்றும் தங்கள் அன்பில்,
பிரிவு அலுவலகப் பணியாளர்கள்