பதினொரு பீப்பாய் கொய்யாக்கூழ்

மேடையில் அமர்ந்திருக்கும் தொழில் வர்த்தக சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த செயலாளர் ஜனாப் ரஹ்மத்துல்லா அவர்களின் குடும்பத்தாரே, திண்டுக்கல்லிலிருந்தும் பழனிப் பக்கமிருந்தும் வந்திருக்கும் சிறுதொழில் நண்பர்களே, வணக்கம். நான் ஆயக்குடியில் கொய்யாக்கூழ் ஆலை வைத்திருக்கும் கருப்பணன்.

மண்டபம் நிறைந்து வாசலிலும் நிற்கிறீர்கள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏற்றுமதி பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று இந்த மனிதர் பதினைந்து வருடம் நமக்குக் கார்டு போட்டாரே, எத்தனை பேர் வந்தோம்? ஏழு பேர். மழை பெய்தால் நான்கு பேர். அதிலும் இரண்டு பேர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். இன்றைக்கு ‘வணிகப் பெருந்தகை’ என்று பேனர் கட்டியிருக்கிறோம். யாருக்கு வேண்டும் இந்தப் பேனர்?

தொண்ணூற்றெட்டில் எங்கள் பக்கம் மூன்றே ஆலைகள். என்னுடையது ஒன்று, நெய்க்காரப்பட்டி ஆண்டிச்சாமியுடையது ஒன்று, பாலசமுத்திரம் கண்ணம்மாள் அக்காவுடையது ஒன்று. சீசனில் பழம் மரத்தடியிலேயே அழுகும். ரஹ்மத்துல்லா பாய் ஹாலந்து நாட்டு வர்த்தக சங்கத்துக்கு விடாமல் கடிதம் எழுதி, ஒரு ஜூஸ் கம்பெனிக்காரரை வரவழைத்தார். தனி ஆலை எதுவும் ஒரு கண்டெய்னரை நிரப்ப முடியாது. மூவரும் சேர்ந்தால்தான் ஆர்டர்.

சேர்வோமா நாங்கள்? மற்ற இரண்டு பேரும் கூழில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று நான் அந்த வெள்ளைக்காரரிடம் சொன்னேன். மற்ற இருவரும் என்னைப் பற்றி அதையேதான் சொன்னார்களாம். பாய்தான் மொழிபெயர்த்தார். ஊருக்குப் போன ஹாலந்துக்காரர் எழுதினார்: ‘போட்டியாளர்கள் ஒருவரையொருவர் இவ்வளவு புகழ்ந்து நான் எங்குமே கண்டதில்லை.’ என்ன மொழிபெயர்த்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய முதல் மாதிரியை, விதைத்தூள் நாக்கில் நறநறக்கிறது என்று ஹாலந்தில் ஒதுக்கிவிட்டார்கள். நாங்கள் கையை உதறிவிட்டோம். பாய் உதறவில்லை. ஒரு பாட்டில் கூழை எடுத்துக்கொண்டு நாகல்நகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அந்தோணிராஜிடம் போனார். இரும்புப் பெட்டகமும் வாசல் கேட்டும் செய்துகொண்டிருந்த அந்தோணிராஜுக்குக் கொய்யாவைப் பற்றி என்ன தெரியும்? எட்டுச் சல்லடை செய்து எட்டும் சரிப்படவில்லை. ஒன்பதாவதில் விதை நின்றது, கூழ் இறங்கியது. மறு வருடம் தூத்துக்குடியிலிருந்து எங்கள் முதல் கண்டெய்னர் கப்பலேறியது.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாததை இப்போது சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஹாலந்துக்காரர்கள் ஒரு கண்டெய்னரை முழுதாக நிராகரித்தார்கள். ஒரு வருடம் ஆர்டரே இல்லை. பதினொரு பீப்பாயில் விதைத்தூள். அந்த மாதம் கண்ணம்மாள் அக்காவின் சல்லடை கிழிந்திருந்தது சங்கம் முழுக்கத் தெரியும். எனவே அக்காதான் என்று முடிவு கட்டினோம். கிழிந்த அன்றே இயந்திரத்தை நிறுத்திவிட்டதாக அவர் எவ்வளவோ சொன்னார். யார் கேட்டது? அதன்பின் அவர் சங்கத்துக்கு வரவில்லை.

பாய் மட்டும் பீப்பாய் எண்களைக் கேட்டு ஹாலந்துக்கு எழுதினார். பதில் வந்ததும் பஸ் பிடித்து ஆயக்குடிக்கு வந்து, என் ஆலையில் என் எதிரே உட்கார்ந்தார். அந்தப் பதினொரு பீப்பாயும் என்னுடையவை. கெடு நெருங்குகிறதே என்ற அவசரத்தில் பழைய சல்லடையையும் சேர்த்து ஓட்டியவன் நான்.

அவர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. “கருப்பணன், நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா அது புகாரு. நீங்க சொன்னாத்தேன் அது மன்னிப்பு” என்றார்.

அடுத்த கூட்டத்தில், கண்ணம்மாள் மேல் தவறில்லை, செயலாளர் என்ற முறையில் பொறுப்பு தன்னுடையது என்று அறிவித்தார். ஹாலந்துக்கும் அப்படியே எழுதித்தான் ஆர்டரை மீட்டார். அப்படியானால் யார் என்று கூட்டம் அவரைக் குடைந்தது. குடைந்தவர்களில் நானும் ஒருவன். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. செயலாளர் யாரையோ காப்பாற்றுகிறார், அது அக்காவாகத்தான் இருக்கும் என்று பேச்சு இன்னும் பரவியது.

அதற்குப் பிறகு ஐந்து வருடம், ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், “வேற யாராச்சும் பேசணுமா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். இப்படியும் ஒரு பிடிவாதமா? ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? போன வாரம் அவரை அடக்கம் செய்த ஜனாஸாவில் நின்றபோதும் எனக்கு அழுகை வரவில்லை, அவர் மேல் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போனபிறகுதான் அது யார் மேல் உள்ள கோபம் என்று விளங்கியது.

கண்ணம்மாள் அக்கா நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா, தப்பு பண்ணினவன் நானுங்க. உங்க மேல பழி விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தவனும் நானுங்க. மன்னிக்கச் சொல்லிக் கேக்கற யோக்கியதை எனக்கில்லீங்க.

சங்கத்தாருக்கு ஒன்று. அவர் பெயரில் சிலை வேண்டாம், பரிசு வேண்டாம். அவர் பாதியில் விட்டுப்போன பொதுச் சோதனைக்கூடத்தை இந்தச் சீசனுக்குள் திறப்போம். அங்கே தேறாமல் ஒரு பீப்பாயும் கப்பலேறக் கூடாது. ஆண்டிச்சாமி சம்மதித்துவிட்டார். பொறுப்பாளராகக் கண்ணம்மாள் அக்கா பெயரை நான் முன்மொழிகிறேன்.

ஏத்துக்குவீங்களாக்கா? ஏத்துக்கிட்டா, முதல்ல என் பீப்பாயைத் திறந்து பாருங்க.