வரிசையில் இஞ்சிக் கோப்பி

இலங்கையில் சண்டை நடந்த காலம் அது. நாவுலவுக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் மாத்தளை சோதனைச் சாவடி வரிசையில் நிற்பவர்களுக்கு இஞ்சிக் கோப்பி விற்பவள். மடியில் கோப்பி ஊற்றும் கேத்தல் காலியாக இருந்தது.

“கேத்தல்ல இருந்த கோப்பி முழுக்க ரோட்டோரக் கான்ல ஊத்திட்டான், தங்கச்சி” என்றாள்.

“யாரு, அக்கா?”

“புதுசா வந்த ஆமிக்காரன். கோப்பியில என்னத்தக் கலந்திருக்கேன்னு கேட்டான். இஞ்சியும் சீனியும்னேன். குடிச்சுக் காட்டுன்னான்.”

“குடிச்சீங்களா?”

“அவன் முன்னாடியே ஒரு கப் குடிச்சேன். அப்பவும் நம்பல. எல்லாத்தையும் கவுத்துட்டு, இனிமே இந்தப் பக்கம் வராதேன்னான்.”

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். “பேசாம கொஞ்ச நாள் வீட்டுல இருங்கக்கா. பிடிச்சு உள்ள போட்டா யாரு வந்து கேப்பா?”

“எனக்கும் பயந்தான். ஆனா சிங்களத்துலயே சொல்லிட்டேன். ‘நீங்க இந்த வரிசைய எடுங்க மாத்தயா, நானும் கேத்தல எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்’னு.”

“ஐயோ! என்ன சொன்னான்?”

“அவன் வாயத் தொறக்கிறதுக்குள்ள வரிசையில நின்னவங்க சிரிச்சிட்டாங்க. சிங்கள ஆளுங்களும்தான்.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. இளையவள், “நாளைக்குப் போவீங்களா?” என்று கேட்டாள்.

“போகாம? மழைக்காலம். கொத்தமல்லியும் போட்டுக் காச்சப் போறேன். நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்கல்ல.”

“அப்ப நானும் வர்றேன். கப்பு கழுவ ஆள் வேணும்ல” என்றாள் இளையவள்.