தளும்பற பித்தப்பை

அந்த ஆட்டை அறுக்காதீங்க டாக்டரம்மா, நாறும். பட்டியே செத்துக் கெடக்கு, இதுல ஒண்ணை அறுத்து என்ன ஆகப்போகுது? மரவள்ளி இலை விஷம்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க. வாசல்ல மண்டையை ஒடைச்சுக் கட்டிப் போட்டிருக்காங்க பாருங்க, பக்கத்துத் தோட்டத்து ஜுராந்திரை, அவன்தான் இலையை வீசினது. ஆமா, நான்தான் ஊர்ல சொன்னேன். அவன் தண்ணித் தொட்டியையும் ஒடைச்சுட்டாங்க. இந்த வறட்சில இனி அவன் புள்ளைங்க சேத்தைத்தான் நக்கணும்.

அறுத்தாச்சா. சரி.

இரைப்பைல இலை இல்லையா? கயிறா? வெள்ளாடு எதையும் திங்கும்மா. செம்மறிதான் மக்கு, பக்கத்துல நிக்கறதோட மயிரைக் கடிச்சுட்டு நிக்கும். கேள்விப்பட்டேன். இல்ல, பாத்தேன்.

அட, பித்தப்பை! எங்க வீட்ல சந்தைக்கு அறுக்கறப்ப இது தொளதொளன்னு கெடக்கும். இது பலூன் கணக்கா நிக்குது. ஊசில எதுக்கு உறிஞ்சறீங்க? லேபுக்கா? அதுல என்ன இருக்கு, உப்பு, கொழுப்பு... புரதமுமா? அது வந்து சாட்சி சொல்லுமா?

வேணாம். எனக்கே தெரியும். தீனி போனா பித்தம் எறங்கும். போகலேன்னா அங்கேயே தேங்கும், தார் மாதிரி கறுக்கும். ஆடு அறுக்கற வீட்ல பொறந்துட்டு இதுகூடவா தெரியாது?

எங்கப்பாவுக்கும் இதே பையைத்தான் பெட்ரோலினா டவுன் ஆஸ்பத்திரில எடுத்திருக்காங்க. கல்லாம். வயித்துல தையலோட போன் போட்டு ஆடு எப்படி இருக்குங்கறாரு. நான் எப்படி இருக்கேன்னு வாயில வராது. எட்டாவதோட என்னை நிறுத்தினதும் இதுங்களுக்காகத்தான். சாவ் பாலோவுக்கு வேலைக்குப் போறேன்னு கேட்டேன். பட்டில ஆடு இருக்கற வரைக்கும் நீ எங்கடா போவ, ஜெனிவால்டோன்னாரு. சந்தைல, எல்லார் முன்னாடியும். சிரிச்சானுங்க.

இருக்கற வரைக்கும்னுதானே சொன்னாரு.

ஜுராந்திரை விடச் சொல்லணுமா? நீங்களே சொல்லுங்க. அவன் மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துரும்.

பஸ் ஏறறப்ப அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. காலைலயும் சாயங்காலமும் ஆட்டுக்குச் சப்பாத்திக் கள்ளி வெட்டிப் போடு, தண்ணி வை. கள்ளி அதோ, நெஞ்சு உசரத்துக்கு நிக்குது. அருவா ஆணில தொங்குது, அவரு மாட்டிட்டுப் போன மாதிரியே. நான் பட்டிக்குப் பூட்டு மட்டும் போட்டேன்.