நாலு மணிக்கு வரும் பிள்ளைகள்

கருப்பட்டிக் காப்பிக்குச் சுக்கு அதிகம் போடக்கூடாது. போட்டால் காரம் தொண்டையில் நிற்கும். அழுதுகொண்டு வருகிற பிள்ளைக்கு இருமலும் சேர்ந்துகொள்ளும். சின்னத் துண்டாக எடுத்து இரண்டு தட்டு தட்டிப் போட்டால் போதும். பதினாறு வருடமாக என் அறையில் பிளாஸ்க் காலியாக இருந்ததில்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தாருங்கள் என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அஜிதா. உங்களைப் பார்த்தால் மக்கா என்றுதான் வாயில் வருகிறது. வயதானவளின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலிலிருந்து என்றால் காப்பியிலிருந்துதான் எழுத வேண்டும்.

நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். இராஜாக்கமங்கலம் சாலையில் இந்த எம்பிஏ கல்லூரியைத் தொடங்கியபோது தட்டச்சு வேலைக்கு வந்தேன். கம்ப்யூட்டரைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். பல்கலைக்கழக விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். பிள்ளைகள் படிக்கும் நிதி மேலாண்மை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை எத்தனை நாள் வந்திருக்கிறது, எத்தனை பாடம் அரியர், இன்னும் எத்தனை வகுப்புக்கு வந்தால் தப்பிக்கும் என்பதைத் தாளைப் பார்க்காமலே சொல்லுவேன். அதைக் கண்டுதான் மாணவர் உதவிப் பிரிவு என்று ஒரு அறையைத் தந்தார்கள். வகுப்பு விடுவது நாலு மணிக்கு. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் அப்போது வருவார்கள். சொர்ணம்மை என்று கூப்பிடுவார்கள்.

சிவபிரசாத் என்று ஒரு பையன் இருந்தான். நாலு பாடம் அரியர். கூட்டத்தில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை வருடம் தினமும் என் எதிரில் உட்கார்ந்து பேசிப் பழகினான். தேறினான். சென்னையில் வேலைக்குப் போனான். இரண்டு வருடம் கழித்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "ஏலே சிவபிரசாத்" என்று கூப்பிட்டேன். திரும்பி, சிறிது யோசித்தான்.

"நீங்க... காலேஜ் ஆபீஸ்ல இருந்த அம்மையில்லா?"

மரியாதையாகத்தான் பேசினான். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோகூட எடுத்தான். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான். என்னுடைய பஸ் இரண்டு போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அவன்மேல் கோபமில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. நன்றாகிவிட்ட பிள்ளைகள் வருவதில்லை.

அதற்கடுத்த மாதம் ஒரு பெண்ணின் மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தை ஒரு வாரம் தாமதமாக அனுப்பினேன். மறந்துபோனேன் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அவள் தினமும் வந்தாள். அதன் பிறகு வேறொரு பிள்ளையுடையது, இன்னொரு பிள்ளையுடையது. யாரையும் நான் மூழ்கவிட்டதில்லை, மக்கா. கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜினிஷா நெய்யூர்க்காரி. அப்பா ரசலையன் ரப்பர் பால் வெட்டுகிறவர். குடும்பத்தில் அவள்தான் முதலில் கல்லூரிப்படி ஏறியவள். அவள் வந்தால் அறையில் சிரிப்பு இருக்கும்.

"சொர்ணம்மே, இது காப்பியா, கஷாயமா? நீங்க எனக்க சீட்ல இருந்து எம்பிஏ படியுங்க. நான் உங்களுக்க கசேரில இருந்து காப்பி ஊத்துதேன்."

"ஏட்டி, நீ ஊத்துனா பிளாஸ்க்கே உடைஞ்சுபோவும்."

மூன்றாம் செமஸ்டரில் அவளுக்கு மஞ்சள்காமாலை. பதினெட்டு நாள் வரவில்லை. வருகை எழுபத்தொரு சதவீதத்துக்கு இறங்கியது. எழுபத்தைந்து இருந்தால்தான் பரீட்சை. அறுபத்தைந்துக்கு மேல் இருந்து, மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பம் கொடுத்தால் மன்னித்து எழுதவிடுவார்கள். கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் அதே செமஸ்டரை மறுபடியும் படிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரு வங்கி அவளை எடுத்திருந்தது. மே மாதத்துக்குள் படிப்பை முடித்துச் சேர வேண்டும் என்பது நிபந்தனை.

சான்றிதழைக் கொண்டுவந்தது ரசலையன். சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்து எடுத்தார். "ஒரு சீல் குத்தித் தாருங்கோம்மா, வாங்குனதுக்கு" என்றார்.

ஜினிஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னப்பா நீங்க? சொர்ணம்மைக்கிட்டயா சீல் கேக்கிய? நாணக்கேடு."

எங்கள் கல்லூரியில் அதுதான் வழக்கம். ஆபீஸ் ஜன்னலில் கொடுத்தால் தபால் புத்தகத்தில் பதியவைத்துச் சீல் வாங்குவார்கள். என் மேசையில் வைத்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்டால் என்னைச் சந்தேகப்பட்டதுபோல் ஆகிவிடும் என்று நினைப்பார்கள். ரசலையன் கைகூப்பிவிட்டுப் போனார். நான் அதை மேசையின் இரண்டாவது டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

கடைசித் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. திங்களன்று ஜினிஷா கேட்டாள், "சர்டிபிகேட் போயிட்டா சொர்ணம்மே?"

"எப்பவோ போயாச்சு. நீ படி மக்கா."

அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பரீட்சை எழுத முடியாதவர்களின் பட்டியலில் அவள் பெயர் வந்தது. நாலு மணிக்கு வந்தாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். டைரக்டர் ராஜகுமார் சாருக்கு முறையீடு எழுதலாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். நல்ல வாக்கியங்கள் நான் எடுத்துக் கொடுத்தேன். அதையும் நானே கொடுப்பதாக வாங்கி வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள் தொடர்ந்து வந்தாள். அந்த ஒன்பது நாளும் எனக்கு முழங்கால் வலி தெரியவில்லை.

பத்தாம் நாள் நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். கரண்டி எடுக்கச் சொல்லிக் கை காட்டினேன். கரண்டி முதல் டிராயரில்தான் இருக்கும். இரண்டாவதைப் பூட்டாமல் விட்டிருந்தேன். அவள் அதைத் திறந்தாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பிளாஸ்டிக் உறையை அவளுக்கு அடையாளம் தெரியாமலா இருக்கும்? டிராயரை மெல்ல மூடினாள். மேல் டிராயரிலிருந்து கரண்டியை எடுத்துத் தந்தாள். உட்கார்ந்து காப்பியைக் குடித்தாள்.

"இதுல கெடக்கதெல்லாம் எப்ப போவும் சொர்ணம்மே?"

"போவும் மக்கா. எல்லாத்துக்கும் ஒரு நேரம் உண்டு."

"செரி."

எப்போதும் டம்ளரை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடுகிறவள், அன்று கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் முட்டத்துக் கடற்கரையில் அவள் உடல் கிடைத்தது. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்மேல் அவளுக்கு இருந்த பாசம் என்றுதான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதும் வருகிறாள். நாலு மணிக்கு எதிர் நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்கும். தலை நிமிர்ந்தால் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கும். நான் ஒரு டம்ளர் ஊற்றி எதிரில் வைப்பேன். காலையில் வந்து பார்த்தால் அது கழுவி ஜன்னலில் கவிழ்ந்திருக்கும். பெருக்க வருகிற ராஜபாய், "நான் அந்த டம்ளரத் தொட்டதே இல்ல, கர்த்தர் சாட்சி" என்கிறாள். கடந்த வாரம் முதல் ராஜபாய் என் அறைக்குள் வருவதில்லை. எனக்குப் பேடியோ பயமோ கிடையாது. ஜினிஷா வருகிறாளே என்று ஒரு ஆறுதல்தான். ஆனால் என்னிடம் அவள் ஒன்றும் பேசுவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

முறையீட்டைக் குப்பையில் போட்டார் என்று ராஜகுமார் சாரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சான்றிதழையும் முறையீட்டையும் டிராயரில் வைத்துப் பூட்டியது நான்தான். தெரிந்தேதான் வைத்தேன். சாவியை இந்தத் தாளோடு பின் குத்தியிருக்கிறேன்.

திறந்தால் ஜினிஷாவுடையதைத் தவிர இன்னும் பதினொரு பிள்ளைகளின் தாள்கள் இருக்கும். பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலாக இருப்பது ஸ்டெனியுடையது. கல்லூரிக்காகக் கபடி விளையாடப் போன நாட்களுக்கு வருகை கேட்டு எழுதியிருக்கிறான். அம்மா இல்லாத பையன், அதிகம் பேசமாட்டான். அதற்குக் கடைசித் தேதி இந்த வியாழக்கிழமை. அதை மட்டும் வெள்ளிக்கிழமை வரை உள்ளேயே இருக்க விடுங்கள், மக்கா. அன்றைக்கு நாலு மணிக்கு அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வரும். நான் அங்கே இருக்க வேண்டும்.