ஆளில்லாத உச்சிக்கு இரண்டு பேர்

காது கேட்கவில்லை என்று எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது நன்றாகவே கேட்கும். வீட்டில் அவர்களோடு பேச ஆள் இருக்காது, அவ்வளவுதான். சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வேன். சிலர் நான் ஒன்றுமே அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது சார் என்பார்கள். கூட வேலை பார்க்கிற பெண் சிரிப்பாள். நான் சிரித்ததே இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், ஐயா. அவன் என் மனைவியின் தம்பி. ஆறடி ஆள், வீட்டில் பெயர் குட்டி. எங்கள் கல்யாணத்தன்று என் மடியிலேயே தூங்கிப்போனவன். அவன் அப்பா அம்மா போன பிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்த வீட்டில் அவன் மச்சினனா மகனா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பெரியவனானதும் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போனான். கரண்ட் போய் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பான். "கதவ அப்புறம் திறந்துக்கலாம் அத்தான். மொதல்ல வெளிய ஆள் இருக்குன்னு ஒரு குரல் குடுத்தாப் போதும், பாதி பயம் போயிடும்" என்பான். நல்ல பையன். அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தக் குன்றைக் கண்டுபிடித்தது என் மனைவி. பெரிய மலையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன உச்சி அது. போகிற வழியெல்லாம் முள்ளும் புதரும் இடுப்புயரத்துக்கு நிற்கும். அதனால் வெயில் காலத்தில் ஒருவரும் போக மாட்டார்கள். பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிய பிறகுதான் அதன் மேல் நடக்க முடியும். அப்போதும் பாதை என்று ஒன்று கிடையாது. மேலே போனால் பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாறை, நாலு குட்டை மரம், பெரிய மலையின் பின்பக்கம். ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது. யாரும் சீந்தாத இடத்துக்கு நாமாவது போக வேண்டாமா என்பாள். குளிர்காலம் வந்தால் மூன்று பேரும் போவோம். அவள் போன பிறகு இரண்டு பேர் போனோம்.

பனியில் காலடியை நம்ப முடியாது. காற்று அடித்தால் சற்றுமுன் வைத்த அடி இப்போது இருக்காது. அதனால் ஏறும்போதே மரக்கிளைகளில் ஆரஞ்சு நிற நாடா கட்டிக்கொண்டு போவோம். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு, அவள் சொல்லிக்கொடுத்தது. இறங்கும்போது கடைசியாக வருகிறவர் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மலையில் குப்பை விடக் கூடாது என்பது அவள் சட்டம். எனக்கு முட்டி வலி, இறக்கம் ஆகாது. ஆகவே நான் முன்னால் கிளம்பி மெதுவாக இறங்குவேன். குட்டி பின்னால் வந்து நாடாக்களைச் சேகரித்துக்கொண்டு என்னைப் பிடித்துவிடுவான். எப்போதும் அப்படித்தான்.

உச்சிக்குச் சற்றுக் கீழே முகடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் இறங்கினால் கார் நிற்கும் சாலை. வலது பக்கமும் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும், இன்னும் கொஞ்சம் சுலபமாகக்கூடத் தெரியும். ஆனால் அது போய் ஒரு பள்ளத்தின் விளிம்பில் முடியும். அந்த இடத்தில் மட்டும் நாடாவை நெருக்கமாகக் கட்டுவோம்.

அன்று மேலே பாறையில் உட்கார்ந்து டீ குடித்தோம். அவன் வெகுநேரம் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தவிக்கிறான் என்று புரிந்தது. நான் உதவவில்லை.

"வர்ற மாசம் கிளம்பறேன் அத்தான்" என்றான். வேறு ஊரில் பெரிய கம்பெனியில் வேலை. ஒரு பெண் இருக்கிறாளாம், அவள் ஊரும் அதுதானாம். விமானத்தில் போகிற தூரம். "அடிக்கடி வர முடியாது. ஆனா ஃபோன் பண்ணுவேன். நீங்களும் இப்படியே ஒத்தையா இருக்காதீங்க. மலையேறுற குரூப் எவ்வளவோ இருக்கு, ஏதாவது ஒண்ணுல சேந்துக்கோங்க."

சந்தோஷம் என்றேன். உண்மையிலேயே கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவன் கண் கலங்கிவிட்டது. திட்டுவேன் என்று பயந்திருந்தானாம்.

வேலையிடத்தில் என்னைச் சார் என்பார்கள். கடைகளில் அண்ணே, பெரியவரே, ஏதோ ஒன்று. அக்கம்பக்கத்தில் நான் முதல் மாடிக்காரர். என்னை அத்தான் என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் போகாமல் இருந்துவிடுவான், அப்புறம் காலம் முழுக்க என் மேல் ஒரு கசப்பு இருக்கும். பிள்ளையை அப்படிக் கட்டிப்போடுவது பாவம்.

மேலே டவர் நன்றாகக் கிடைக்கும். "நீங்க மெதுவா இறங்குங்க, அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்" என்றான். சரி என்று நான் கிளம்பினேன். பனி விழ ஆரம்பித்திருந்தது, வைத்த அடி பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது.

முதல் நாடாவை எதற்கு அவிழ்த்தேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. கை நீண்டது, இழுத்தேன், வந்துவிட்டது. இரண்டாவதை அவிழ்க்கும்போது தெரிந்துதான் அவிழ்த்தேன். கொஞ்சம் வழி தவறட்டும் என்று நினைத்தேன். கூப்பிடுவான், நான் ஏறிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவேன். அத்தான் இல்லாவிட்டால் நம் கதி என்ன என்று ஒருமுறை தோன்றினால் போதும். அதற்குப் பிறகு அவன் எந்த ஊருக்குப் போனாலும் எனக்குக் குறை இல்லை. முகடு பிரிகிற இடத்திலும் அவிழ்த்தேன். கையோடு கையாக வலது பக்கம் ஒன்றைக் கட்டினேனா என்று கேட்டீர்கள். கட்டினேன். பாதி வேலை செய்வது எனக்குப் பிடிக்காது.

பிறகு இடது பக்கம் இறங்கி, விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தேன். ஃபிளாஸ்கில் டீ மிச்சம் இருந்தது.

முதல் நாள் உங்களிடம், பனி சத்தத்தை உறிஞ்சிவிடும், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அது பாதி உண்மை. பனி உறிஞ்சும். ஆனால் என் காதை வருடாவருடம் நானே பரிசோதித்துக்கொள்கிறேன், ஒரு குறையும் இல்லை.

முதலில் அவன் சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டான். "அத்தான், விளையாடாதீங்க, நாடாவெல்லாம் எங்க?" குரல் வலது பக்கத்திலிருந்து வந்தது. எழுந்து நின்றேன், பதில் சொல்ல வாயைக்கூடத் திறந்தேன். அதற்குள் மறுபடி கூப்பிட்டான். அத்தான் என்பதை இழுத்து, கடைசியில் கொஞ்சம் உயர்த்தி. சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வாசலில் நின்று அப்படித்தான் கூப்பிடுவான். எத்தனை வருடமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. இன்னும் ஒருமுறை கேட்டுவிட்டுப் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

பிறகு கல் உருண்ட சத்தம். அவன் விழுந்த சத்தம். கால் போய்விட்டது என்று கத்தினான். அதன் பின் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அத்தான் தவிர வேறு சொல்லே இல்லை. ஃபோன் குளிரில் படுத்துவிட்டது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது அதுவும் தெரியாததால், உலகத்தில் யாரையாவது கூப்பிடலாம், ஆனாலும் என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து இனி என்ன ஆகப் போகிறது.

ஏன் பதில் கொடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். பதில் கொடுத்திருந்தால் கூப்பிடுவதை நிறுத்தியிருப்பான்.

வெளிச்சம் மங்கிய நேரத்தில் அவன் அக்கா, அக்கா என்றான். அவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். உயிரோடு பக்கத்தில் நான் இருக்கும்போது அவளைக் கூப்பிட்டது எனக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொண்டு கிளம்பிவிடவில்லை. குளிரில் மனிதனுக்கு நிதானம் தவறும். பொறுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அத்தான் என்றான், வாய்க்குள்ளேயே சொல்வது மாதிரி. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. இன்னும் சிறிது நேரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். வலது பக்கம் கட்டிய அந்த ஒன்றைத் தவிர மற்ற நாடாக்களை அவிழ்த்துச் சுருட்டிக் கோட்டுப் பையில் வைத்தேன். நீங்கள் எடுத்தது அவற்றைத்தான்.

கொலை என்று எழுதுங்கள், வஞ்சகம் என்று எழுதுங்கள், எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். மேல் வரியில் ஒன்று மட்டும் திருத்த வேண்டும். அவனை மலையில் தனியாக விட்டுவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் தனியாகச் சாகவில்லை, ஐயா. கடைசி மூச்சு வரை நான் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தேன்.