கான்கிரீட் ஆணியும் காற்றுத் துப்பாக்கியும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா நடேசன் அவர்களே, பருத்திப்பட்டு துப்பாக்கி சுடும் சங்கத்தின் மூத்தோர்களே, விடியுமுன் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிவந்து வெயிலேறும்வரை காத்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, குறி தவறாத என் கண்மணிகளே, உங்கள் பயிற்சியாளர் ஷரீஃபுன்னிசாவின் அன்பு வணக்கம்.

புதிய கருவி அறையைத் திறக்கப்போகிறோம். திறக்குமுன், அது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டாமா? முகப்பேர் ஸ்ரீநாத் முன்வரிசையில்தான் இருக்கிறார். "என் பேரைச் சொல்லியே பேசுங்க மேடம்" என்று அவரே அனுமதி தந்துவிட்டார்.

சென்ற ஆயுத பூசையன்று மகள் காவ்யாவின் காற்றுத் துப்பாக்கிக்குச் சந்தனம் வைத்தார். அன்பு கூடிப்போனது, சந்தனமும் கூடிப்போனது. விசைக்குள் இறங்கிக் காய்ந்து இறுகியது. மறுநாள் சுத்தம் செய்யப் பிரித்தார். விசையைத் தாங்கும் 'பின்' என்ற சிறு இரும்புக் குச்சி அசையவில்லை. எடுத்தார் கான்கிரீட் ஆணியை, ஓங்கினார் சுத்தியலை.

என்ன கேட்கிறீர்கள், தம்பி? "ஆணியும் இரும்பு, பின்னும் இரும்பு, இன்னாக்கா கெட்டுப்பூட்ச்சு?" என்றா? நல்ல கேள்வி. ஆணியின் முனை கூர்மை. அது பின்னைத் தள்ளாது, குத்தும். குத்துப்பட்ட தலை விரியும். விரிந்த தலை ஓட்டையைச் சிதைத்துக்கொண்டுதான் வெளியே வரும்.

அதற்குத்தான் பஞ்ச் என்ற தள்ளுகோல். எந்தப் பஞ்ச்? முனை தட்டையாக, பின்னைவிட நூலளவு மெலிந்தது. பின் அசையும்வரை குட்டைப் பஞ்ச், அசைந்த பிறகு நீளப் பஞ்ச். நீளத்தை முதலில் எடுத்தால் வளைந்துவிடும். பின் குழல்போல் உள்ளீடற்றதாக இருந்தால், முனையில் சிறு குமிழ் உள்ள பஞ்ச். தட்டப் பித்தளைச் சுத்தியல், அடியில் ஓட்டையுள்ள தாங்குகட்டை. திரும்பப் பூட்டவும் இதே கருவிகள்தான், இதே பொறுமைதான். இவை எல்லார் கைக்கும் எட்டத்தான் இந்த அறை.

காவ்யாவுக்கு அடுத்த நாள் போட்டி. இளையோர் பிரிவில் அவளுக்கு அதுவே கடைசி ஆண்டு. இடக்கைக்காரிக்கு இரவல் தரச் சங்கத்தில் வேறு துப்பாக்கி இல்லை. துப்பாக்கியை என்னிடம் கொண்டுவந்தார்கள். குண்டு போடாமல் விசையேற்றி, அடிக்கட்டையை லேசாகத் தட்டிப் பார்த்தேன். விரல் படாமலே விசை விழுந்தது; குண்டு இருந்திருந்தால் பாய்ந்திருக்கும்.

"மேடம், நாளைக்கு ஒருநாள் தாங்காதா?" என்று கேட்டார் தந்தை.

காவ்யா சொன்னாள்: "வேணாம்பா. பக்கத்து லேன்ல ஸ்வாதி நிப்பா."

அவ்வளவுதான். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கைக்கு வலிமை இருந்தால் போதுமா? கண்ணுக்குக் குறி இருந்தால் போதுமா? எடுக்கும் கருவியில் கவனம் வேண்டாமா? எடுக்கக்கூடாத நேரத்தில் கீழே வைக்கும் துணிவு வேண்டாமா? அந்தப் போட்டியில் ஸ்வாதி பதக்கம் வாங்கினாள். முதலில் எழுந்து கைதட்டியவள் காவ்யா.

பதக்கம் பெறாத மகளே, மேடைக்கு வா. இந்த அறையின் சாவி உன்னுடையது. நீ திற, நாங்கள் பின்னால் வருகிறோம்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.