வீட்டுக்காரியின் தம்பி

எழுபத்துநாலில் உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆஸ்திரேலியாவைக் கிழக்கு ஜேர்மனி வென்ற மறுநாள். மெல்பேர்னில் டண்டினொங் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு யாழ்ப்பாணத் தம்பதி இருந்தார்கள்.

"எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி மட்ச் முடியுமட்டும் அழுதவ," என்றாள் மனைவி.

"அவவின்ர நாடுதானே வெண்டது?"

"தம்பி அந்த ரீமின்ர டொக்டராம். ரீவியில கண்டவ."

"அதுக்கேன் அழுகை?"

"இவ அங்கயிருந்து ஒளிச்சு ஓடி வந்தவ. தனக்கு அக்காவே இல்லையெண்டு சொல்லித்தான் அவன் ரீமோட நாட்டுக்கு வெளியில வந்தவனாம். தெரிஞ்சால் அவனைப் பிடிச்சு மறியல்ல அடைச்சுப்போடுவாங்கள்."

"வேற ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு கையைப் பிடிச்சுக் கெஞ்சினவ."

கணவர் ரயில் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். என் மடியில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.